அளத்து வாசல்

சுடலைவடிவின் சும்மாட்டிலிருந்து உப்புக் கொட்டிய நாள் முதல் உடையடிவிளையில் தேவசிகாமணியோடு யாரும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை.

சர்க்கார் உப்பளத்துக்கு ஒரே வாசல். சுற்றிலும் சேறு நிற்கும் அகழி, அதற்கு உள்ளே உடைமுள் வேலி. வாசலில் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே பூவரச மரத்தில் ஒரு குறுக்குக் கட்டை கிடக்கும். தேவசிகாமணி அதைத் தூக்கினால்தான் உள்ளே போகலாம், வெளியே வரலாம். மார்பில் பித்தளை வில்லை மின்ன அவர் அங்கே நின்றுகொண்டிருப்பார். உள்ளே உப்பு வாரிச் சுமக்கிற பெண்கள் மத்தியானக் கஞ்சிக்கு வெளியே வரும்போது வரிசையில் நின்று மடியை உதறிக் காட்ட வேண்டும். அவர் யாரையும் தொடமாட்டார். “உதறும்மா” என்பார். உதறிவிட்டுப் போவார்கள்.

சும்மாட்டைப் பற்றி அதுவரை யாருக்கும் நினைப்பு வந்ததில்லை. பங்குனியில் ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு வெளியே வந்த சுடலைவடிவின் கழுத்து வழக்கத்தைவிட விறைப்பாக இருந்ததாக அவருக்குப் பட்டது. குடத்தை இறக்கச் சொல்லி, தலையில் சுருட்டி வைத்திருந்த துணியை அவிழ்க்கச் சொன்னார். துணி பிரிந்ததும் வெள்ளையாக ஒரு கை உப்பு மணலில் விழுந்தது.

ஒரு கை உப்பு, நாலு சாளைமீனுக்குத் தடவக் காணாது. ஆனால் அது வெள்ளைக்காரனுக்கு எதிராக எழுந்த திருநெல்வேலிக் கலகத்துக்கு மறுவருஷம். அதிகாரிகளுக்கு எதைக் கண்டாலும் பயம். சுடலைவடிவு ஸ்ரீவைகுண்டம் கோர்ட்டில் நின்றாள். அபராதம் கட்ட வழியில்லாமல் லாக்கப்பில் இருந்துவிட்டு வந்தாள்.

அதோடு முடிந்திருந்தால் ஊர் மறந்திருக்கும். அளத்துக்குள்ளே, செம்மண் தேரி மேட்டின் அடியில் ஓர் ஊற்று உண்டு. நாலு பக்கமும் உவர் பொங்குகிற அந்தப் பூமியில் அது ஒன்றுதான் கருப்பட்டி கரைத்த மாதிரி இனிக்கும். அளம் வளைத்தபோது ஊற்று வேலிக்கு உள்ளே போய்விட்டது. என்றாலும் காலையில் பெண்கள் குடத்தோடு வாசல் வழியாகப் போய்த் தண்ணீர் எடுத்துவர விட்டிருந்தார்கள். சும்மாட்டு உப்புக்குப் பிறகு அதுவும் நின்றது. வேலைச் சீட்டு இல்லாதவர்கள் உள்ளே கால்வைக்கக் கூடாது, சீட்டு உள்ளவர்கள் குடம் கொண்டுவரக் கூடாது, உள்ளிருந்து எந்தப் பொருளும் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு வந்தது.

உத்தரவை வாசித்துக் காட்டியபோது தேவசிகாமணி தேரி மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பெண் கட்டிய ஊர் என்று இங்கே வந்து தங்கியவர். மனைவி ஜெபகனி பிறந்ததும் வளர்ந்ததும் அந்த ஊற்றுத் தண்ணீரில்தான். அன்றிரவு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குத் தேவலை.

வைகாசி முடிவில் கச்சான் காற்று எழும்பியது. மேற்கிலிருந்து மணலை வாரிக்கொண்டு பகல் முழுவதும் அனலாக வீசுகிற காற்று. கூரை ஓலை ஓயாமல் படபடக்கும். பேசினால் பல்லில் மண் நெறுநெறுக்கும். ஊர்க் கிணறு அடிமட்டத்துக்குப் போய், இருந்த கொஞ்சமும் வாயில் வைக்க முடியாத உவராகிவிட்டது. ஆத்தூர்க் கால்வாயிலிருந்து வைத்தியலிங்கம் பீப்பாயில் வண்டித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். பெண்கள் மல்லுக்கட்டினார்கள். ஜெபகனியின் முறை வந்தபோது அவள் குடத்தை யாரோ காலால் நகர்த்திவிட்டார்கள். யார் என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் மகள் கிரேஸுக்குத் தலைப்பிரசவம். மருமகன் கண்டியில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பிள்ளை ஆண்பிள்ளை, நன்றாக அழுதது, எல்லாம் சரியாகவே இருந்தது. ஐந்தாறு நாள் கழித்துத் தாய்க்குக் காய்ச்சல் கண்டது. பிறகு வயிற்றுப்போக்கு. தேவசிகாமணி வேலை முடிந்ததும் காவடி கட்டிக்கொண்டு ஆத்தூருக்கு நடந்து இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். புன்னைக்காயலில் தோணிகள் வந்து நின்றதும் அதுவும் முடியாமல் போயிற்று. உப்பு ஏற்றி முடிகிற வரைக்கும் காவல்காரர்கள் வாசலிலேயே படுக்க வேண்டும். காலையில் கஞ்சி குடிக்க மட்டும் ஓட்டமாக வந்துவிட்டுப் போவார்.

அப்படி வந்த ஒரு காலையில் மருத்துவச்சி மஹ்மூதா பீவி வாசலிலேயே அவரை நிறுத்தினாள். காயல்காரி. அந்த ஊரில் பாதிப் பிள்ளைகளைக் கையில் ஏந்தியவள்.

“தேவசிகாமணி, கிரேஸுக்குச் சூடு எறங்கல்ல. கண்ணு உள்ள போயிருச்சு. ஒரு மடக்குக் குடிச்சா ரெண்டு தடவை போகுது.”

“மருந்து கொடுத்தியளா?”

“மருந்தை எதுல கரைக்க? இந்த உவர்த் தண்ணியிலயா? காய்ச்சுனா இன்னும்லா கரிக்கி. உசுரைக் காத்து ஹயாத்தைக் கொடுக்கவன் அல்லா. நம்மளால ஆனதுக்கு நல்ல தண்ணி வேணும்வே, நல்ல தண்ணி.”

உள்ளே ஜெபகனி, மகளுக்குப் பால் ஊறட்டும் என்று உவரி மீன்காரியிடம் வாங்கிய பால்சுறாவை அவித்து உதிர்த்துக்கொண்டிருந்தாள். கிரேஸ் அதைத் தொடவே இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தாள். பிள்ளை பாலில்லாத மார்பைச் சப்பிப் பார்த்துவிட்டுக் கீச்சுக்குரலில் கத்தியது.

“நாளைக்கு ஏத்துமதி முடிஞ்சிரும். முடிஞ்சதும் ஆத்தூருக்குப் போயிட்டு வாரேன்” என்றார் தேவசிகாமணி.

“நாளைக்கா?” ஜெபகனி கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்தாள். “அங்கன நாளெல்லாம் நீங்க குடிக்கிய தண்ணி எந்தத் தண்ணி?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

“கேக்கேன்லா? எந்தத் தண்ணி?”

“தேரி ஊத்துத் தண்ணிதான். காவக்காரங்க பானையில தண்ணிக்காரன் ஊத்திட்டுப் போறான்.”

“அதுல ஒரு செம்பு கொண்டுவர ஒங்களுக்குக் கை எழும்பலயா?”

“உள்ள இருந்து ஒண்ணும் வெளிய போகக்கூடாது ஜெபகனி. இன்னைக்கு எம் மகளுக்குன்னு ஒரு செம்பு கொண்டுவந்தேன்னு வையி. நாளைக்கு எந்த மொகத்தோட ஒருத்தியப் பார்த்து மடிய உதறுன்னு சொல்லுவேன்? ஒரு கை உப்புக்கு அந்தப் பொம்பளய லாக்கப்புல இருக்க வச்சவன் நான்.”

“உப்பும் தண்ணியும் ஒண்ணாக்கும்?”

“உத்தரவுல பிரிச்சுச் சொல்லலயே.”

“அந்த உத்தரவு வந்ததே ஒங்களாலதானே? சும்மாட்ட அவுத்துப் பாருங்கன்னு ஒங்கட்ட எவன் சொன்னான்?” சொல்லிவிட்டு அவளே பதறிப்போய் நின்றாள். மூன்று மாதமாக வாய்க்குள் வைத்திருந்த பேச்சு அது.

தேவசிகாமணி கஞ்சியைத் தொடாமல் எழுந்தார். மகளின் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். கை சுட்டது. “ஏளா, கிரேஸு” என்றார். அவள் கண்ணைத் திறக்காமல் உதட்டை நக்கினாள். அவர் வெளியே வந்துவிட்டார்.

அன்று காலை முழுவதும் அவரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கல்தூணில் சாய்வார், உடனே நிமிர்வார், வேலியோரம் கொஞ்சதூரம் போவார், திரும்புவார். ஒரு வண்டியைச் சீட்டுப் பார்க்காமலே உள்ளே விட்டுவிட்டு, பின்னால் ஓடி நிறுத்தினார். நாக்கு வறண்டபோது பானைக்குப் போனார். சிரட்டையில் மொண்டவர் அதைப் பானையிலேயே திருப்பி ஊற்றிவிட்டு வந்தார். ஒரு செம்பு. துண்டால் மூடிக்கொண்டு போனால் யார் கேட்கப் போகிறார்கள்? எல்லாரையும் கேட்கிறவன் நான்தானே என்று தோன்றியது. மறுபடியும் நடந்தார்.

மத்தியானம், பெண்கள் கஞ்சிக்கு வரிசை கட்டி நின்ற நேரம். மேற்கு வேலிப் பக்கமிருந்து சங்கிலிபூதத்தான் வருவது தெரிந்தது. அந்தப் பக்கத்துக் காவல் அவனுக்கு. அவனுக்கு முன்னால் ஒரு பெண், தலையில் சும்மாடு, இடுப்பில் குடம். குடம் நிறைந்திருந்தது. காற்று மணலை இறைத்ததால் முதலில் ஆள் யாரென்று புலப்படவில்லை. நடையைக் கண்டதும் தேவசிகாமணிக்குத் தெரிந்துவிட்டது.

ஜெபகனியின் சேலை முழங்காலுக்குக் கீழே கிழிந்து தொங்கியது. கால் முழுக்கச் சேறு. முழங்கையில் முள் கிழித்த இடத்திலிருந்து ரத்தம் வடிந்து குடத்தின் மேல் கோடாக இறங்கியிருந்தது.

“அண்ணாச்சி,” சங்கிலிபூதத்தான் அழுதுவிடுவான் போலிருந்தான். “யாருன்னு தெரியாமச் சத்தம் போட்டுட்டேன். தெரிஞ்சிருந்தா பார்க்காத மாதிரி இந்தாக்குல திரும்பியிருப்பேன். அதுக்குள்ள இன்ஸ்பெக்டர் ஐயா உப்புக் குமிச்ச கொட்டடி மேல நின்னு பார்த்துட்டாவ.”

உப்பு இலாகா சப் இன்ஸ்பெக்டர் விஸ்வேஸ்வரன் குடையைக் காற்றோடு போராடிப் பிடித்துக்கொண்டு வந்தார். கல்லிடைக்குறிச்சிக்காரர், சின்ன வயசு. வந்ததும் ஜெபகனியைப் பார்த்தார், தேவசிகாமணியைப் பார்த்தார், வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்தார். குரலை இறக்கினார்.

“உம்ம சம்சாரமா ஓய்? என்னங்காணும் இது? சரி, வேலைச் சீட்டுக் கேட்டு வந்தவ, வழி தெரியாம உள்ள வந்துட்டான்னு எழுதிடறேன். குடத்தைக் கவிழ்த்துட்டுப் போகச் சொல்லும்.”

குரலை இறக்கி என்ன, காற்று பெண்கள் பக்கமாகத்தான் வீசியது. வரிசையில் இரண்டாவதாகச் சுடலைவடிவு நின்றாள். தலையிலிருந்த சும்மாட்டை எடுத்து, தேவசிகாமணி கேட்காமலே, அவருக்கு எதிரே உதறினாள்.

“வேண்டாம் ஐயா” என்றார் தேவசிகாமணி. “வேலியத் தாண்டித்தான் வந்திருக்கா. உள்ளதை எழுதுங்க.”

“யோசிச்சுச் சொல்லும். கோர்ட்டுக்குப் போகணும்.”

“உள்ளதை எழுதுங்க ஐயா.” பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார். கண்ணைப் பார்க்க முடியவில்லை, முழங்கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “குடத்தை இறக்கு. மடிய உதறும்மா.”

ஊரில் யாரையும் கூப்பிடுகிற அதே ‘அம்மா’. ஜெபகனி குடத்தைப் பதனமாக மணலில் இறக்கி, சாயாமல் காலால் மண்ணை அணைத்தாள். மடியை உதறினாள். சும்மாட்டை அவிழ்த்தாள். அதிலிருந்து உடைமுள் இரண்டு விழுந்தது. அவ்வளவுதான்.

“எழுதிக்கிடுங்க” என்றாள் சப் இன்ஸ்பெக்டரிடம். “பேரு ஜெபகனி. வேலியத் தாண்டி உள்ள வந்தேன், தண்ணி எடுத்தேன். எங்க வேணும்னாலும் வாரேன். குடத்தை மட்டும் வீட்டுக்கு அனுப்பிருங்க. எம் மக கெடக்கா.”

“குடம் தொண்டிம்மா. கோர்ட்டுல காட்டணும். அனுப்ப முடியாது.”

அதுவரை நிதானமாக நின்றவள் குடத்தின் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சுடலைவடிவு வரிசையை விட்டு வெளியே வந்தாள். “ஏ வாசக்காரரே, எனக்கு ஒரு நாயம், ஒம்ம பொண்டாட்டிக்கு ஒரு நாயம்னு நீரு பார்க்கல. கண்ணால கண்டேன், ஒத்துக்கிடுதேன். பெத்துக் கெடக்கிற பிள்ளைக்குத் தண்ணி கொடுக்கக் கூடாதுன்னு எந்த நாயத்துல எழுதியிருக்கு? அதைச் சொல்லும்.”

அவர் குடத்தையும் குறுக்குக் கட்டையையும் மாறிமாறிப் பார்த்தார்.

“அப்பச் சரி. தண்ணி போனாத்தான் நாங்க போவோம்” என்று அவள் மணலில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி. அப்புறம் வரிசை முழுவதும். கஞ்சிக்கும் போகவில்லை, வேலைக்கும் திரும்பவில்லை. குடத்தைக் காலால் நகர்த்தியவளும் அதில் இருந்திருப்பாள். காற்று பாத்திகளில் வாரிக் குவித்த உப்பின் மேல் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. புன்னைக்காயலில் தோணிக்காரர்கள் அன்றைக்குள் ஏற்றாவிட்டால் பாய் விரித்துவிடுவோம் என்று ஆளனுப்பியிருந்தார்கள். விஸ்வேஸ்வரன் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கினார், மறுபடி விரித்தார், அது காற்றில் திரும்பிக்கொண்டது.

“சரிம்மா, சரி. எழுந்திருங்கோ. குடந்தான் தொண்டி. தண்ணியைத் தொண்டின்னு நான் எழுதலை. வேற எதுலயாவது ஊத்திண்டு போய்த் தொலையட்டும்.”

வேறு எதில்? பெண்களிடம் உப்புக்கடகந்தான் இருந்தது. தேவசிகாமணி கொட்டகைக்குள் போய்க் காவல்காரர்களின் பானையைத் தூக்கிவந்தார். பாதியளவு தண்ணீர் இருந்தது. குடத்துத் தண்ணீரையும் அதில் சாய்த்தார். கொஞ்சம் சிந்தியது. “பைய, பைய” என்றாள் ஜெபகனி.

“எங்கிட்டத் தாரும்” என்று சுடலைவடிவு கையை நீட்டினாள்.

“நீ வேண்டாம்மா. பானை சர்க்கார் பானை. ரெண்டாந்தடவை ஒம் மேல எழுதிருவாங்க.” மார்பிலிருந்த வில்லையைக் கழற்றி, வாயடைத்து நின்ற சங்கிலிபூதத்தானின் கையில் கொடுத்தார். “ஏலே, வாசலைப் பார்த்துக்கோ.”

“ஓய் தேவசிகாமணி! காவல் நேரத்துல வாசலை விட்டுப் போனா அப்புறம் திரும்பி வரவேண்டாம், தெரியுமோ?”

“தெரியும் ஐயா.”

ஜெபகனி அவர் முகத்தைப் பார்த்தாள். “ஒரேயடியாக் கொடுத்திராதிய. பாலாடையில, கொஞ்சம் கொஞ்சமா. பீவிம்மாட்ட கேட்டுக்கிடுங்க” என்றாள்.

அவர் கட்டையைத் தூக்கி வெளியே வந்தார். பானையைத் தோளில் வைத்துக்கொண்டே, பழக்கதோஷத்தில், கட்டையை மறுபடி இறக்கிவிட்டுப் போனார். வாசலிலிருந்து வீடுவரை எதிர்க்காற்று. ஒரு ஆம்பிளை தோளில் பானையோடு தட்டுத்தடுமாறி ஓட்டமும் நடையுமாகப் போவதை ஊர் பார்த்தது. வாய்விட்டு அழுதுகொண்டு போனார் என்று பிற்பாடு சொன்னார்கள். மண் விழுந்த கண்ணாகவும் இருக்கலாம்.

மஹ்மூதா பீவி மருந்தைக் கரைத்தாள். பாலாடைக் கிண்ணத்தின் மூக்கால் பல்லை விலக்கி ஊற்றினாள். கிரேஸ் முதல் இரண்டு தடவை கக்கினாள். மூன்றாவது தடவை தொண்டை ஏறி இறங்கியது. “நல்ல தண்ணி” என்றாள் கண்ணை மூடியபடியே. சாயங்காலம்வரை தேவசிகாமணி வீட்டுக்கும் தெருவுக்குமாக அலைந்தார். இருட்டுகிற நேரத்தில் மகளுக்கு வேர்த்தது. “இனி பயமில்ல. ராஹத்தா, நிம்மதியா ஒறங்கட்டும்” என்று பீவி சொன்ன பிறகுதான், மனைவியை வண்டியேற்றி ஸ்ரீவைகுண்டத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்பது அவருக்கு நினைவில் உறைத்தது.

மறுநாள் வண்டித் தண்ணீருக்கு அவரே குடத்தோடு போய் நின்றார். யாரும் குடத்தை நகர்த்தவில்லை. “என்னவே பார்த்துக்கிட்டு நிக்கீரு, குடத்தைப் பிடியும்” என்றான் வைத்தியலிங்கம். அதற்குமேல் யாரும் ஒன்றும் பேசவில்லை. ஊற்றைச் சுற்றிய வேலியை யாரும் எடுக்கவுமில்லை. வாசலுக்குச் சங்கிலிபூதத்தானைப் போட்டார்கள்.

கோர்ட்டில் ஜெபகனி எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாள். தேவசிகாமணி மிஷன் ஆலயத்துச் சபையாரிடம் கைமாற்று வாங்கி அபராதம் கட்டப் போனபோது, கட்டவேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டாள். சுடலைவடிவு இருந்த அளவுக்கு அவளும் லாக்கப்பில் இருந்தாள். பிள்ளையையும் தாயையும் பீவியும் சுடலைவடிவும் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

விடுகிற அன்று அவர் விடியுமுன்பே ஸ்ரீவைகுண்டத்தில் போய் நின்றார். அவள் கையில் ஒரு துணிமூட்டையோடு வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். “பிள்ளை?” என்றாள். “நல்லாருக்கான். கிரேஸ் எழும்பி நடமாடுதா. பால் ஊறுது” என்றார். இருவரும் ஆற்றுப் பக்கமாக நடந்தார்கள்.

மலையில் மழை விழுந்துவிட்டது. அணைக்கட்டைத் தாண்டித் தென்கரைக்கு வந்தபோது தாமிரபரணியில் புதுத்தண்ணீர் செங்காவியாகப் போய்க்கொண்டிருந்தது. கரையில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் ஈரமாக நின்றன. ஜெபகனி படித்துறையில் இறங்கி முகத்தைக் கழுவினாள். இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. முழங்கையில் முள் கிழித்த தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

“ஆழ்வார்திருநகரியில ஒரு கொடிக்கால்காரர் ஆள் தேடுதாராம். தண்ணி பாய்ச்சுத வேலை. கேட்டு வச்சிருக்கேன்” என்றார் தேவசிகாமணி.

அவள் சேலை முந்தியால் முகத்தைத் துடைத்தாள். “ஒண்ணு கேக்கட்டா?”

“கேளு.”

“அன்னைக்கு நான் வேலியத் தாண்டி வரலைன்னா, நீங்களா ஒரு செம்பு கொண்டுவந்திருப்பியளா?”

அவர் ஆற்றைப் பார்த்தார். லாக்கப்பில் கிடந்து திரும்பியவளிடம் ஆமாம் என்று சொல்லிவிடலாம். நம்பவும் செய்வாள். பானையருகே மொண்டு திருப்பி ஊற்றிய சிரட்டை கண்ணுக்குள் நின்றது.

“இல்ல” என்றார். “கொண்டுவந்திருக்க மாட்டேன்.”

ஜெபகனி அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு படியேறி வந்து, மூட்டையை அவர் கையில் திணித்தாள். ஈரக் காலோடு மண்பாதையில் அவருக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

“வெரசா வாங்க” என்றாள் திரும்பாமல். “வெயில் ஏறுததுக்குள்ள ஆத்தூரைத் தாண்டணும்.”